தாராக் காலும் சப்பாத்து ஆசையும்

எனக்குச் சப்பாத்து என்றால் கொள்ளைப் பிரியம். பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் காலந்தள்ளியவன் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படத்தான் வேண்டும். பழைய நூல்கள் மீது பிரியம், கர்நாடக சங்கீதத்தின் மீது பிரியம் என்றால் மரியாதையோடு கேட்பார்கள். சப்பாத்து என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை கடைசியில் என் கால்களில் வந்து நிற்கும். சிக்கலே அங்கேதான்.

என் பாதங்கள் நீளத்தில் குட்டை, அகலத்தில் பெரியவை. விரல்கள் விசிறிபோல் விரிந்தவை. போதாக்குறைக்கு இடது கால் வலது காலைவிட அரை அளவு பெரியது. நீளத்தைப் பார்த்து வாங்கினால் விரல்கள் நெரிபடும். அகலத்தைப் பார்த்து வாங்கினால் குதிக்கால் வெளியே வழுகும். பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'தாரா'. பெயரில் பிழை சொல்ல முடியாது.

1960களில் எங்கள் கிராமத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் திரிந்தோம். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து வேண்டும் என்றபோது, அப்பா என்னை யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு அழைத்துச் சென்றார். நான்கு சோடி போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றும் பொருந்தவில்லை. கடைக்காரர் களைத்துப் போய், "மாஸ்டர், தம்பிக்குச் செருப்புத்தான் சரி" என்றார். அப்பா விடவில்லை. இரண்டு அளவு பெரிய சோடியை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் பழைய பத்திரிகையைக் கசக்கி முனையில் அடைத்துத் தந்தார். பத்திரிகைக்கும் எனக்கும் ஏற்பட்ட முதல் தொடர்பு அதுதான்.

அந்த ஓட்டப் போட்டியில் நான் கடைசியாக வந்தேன். ஆனாலும் அன்றிரவு அந்தச் சப்பாத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்ததை இன்றும் மறக்கவில்லை.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில், வெளிநாட்டுச் சப்பாத்து என்பது கண்ணால் மட்டும் காணும் பொருள். திறந்த பொருளாதாரம் வந்த பிறகு கடைகளின் கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்தன. என் முதற் சம்பளத்தில் புறக்கோட்டையில் ஒரு சோடி வாங்கினேன். மண்ணிறத் தோல், ஒடுங்கிய முனை. போட்ட கணத்திலேயே அது என் காலுக்குரியதல்ல என்று தெரிந்தது. "போடப் போட இளகும்" என்றார் விற்பனையாளர். இந்த நான்கு சொற்களுக்கு... இல்லை, மூன்றுதான், இந்த மூன்று சொற்களுக்கு நான் வாழ்நாளில் கொடுத்த பணத்தைக் கூட்டினால் ஒரு சிறு அச்சுக்கூடமே வைத்திருக்கலாம். இளகியது எப்போதும் என் கால்தான்.

பின்னாளில், தொழிற் பழக்கத்தால், இதன் காரணத்தைத் தேடிப் படித்தேன். ஆங்கில முறையில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு. ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தை வைத்து வந்த பழைய கணக்கு அது. ஐரோப்பிய முறையில் அது சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டுமே நீளத்தைத்தான் சொல்லும். அகலத்தையும் சேர்த்து அளக்கும் உலோகக் கருவியை அமெரிக்கரான சார்ள்ஸ் பிரனொக் 1920களில் உருவாக்கினார். நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்தக் கருவியைக் கண்டதில்லை. அங்கே காலுக்கு ஓர் இலக்கம், அவ்வளவுதான். அந்த இலக்கத்துக்குள் அடங்காதவன் தன் காலையே நொந்துகொள்ள வேண்டும்.

'சப்பாத்து' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அவர்களின் 'சப்பாத்தோ' நம் வாயில் இப்படி ஆயிற்று. சிங்களவரும் ஏறக்குறைய இதே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். செருப்பு நம்முடையது. பாதுகையை அரியணையில் வைத்துப் பரதன் ஆண்ட கதை நம்மிடம் உண்டு. திருவரங்கன் பாதுகையின் மீது வேதாந்த தேசிகர் 1008 சுலோகங்கள் பாடியிருக்கிறார். அதே நாம்தான் ஒருவனை இழிவுபடுத்தவும் செருப்பைத் தூக்குகிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் மேலாடை அணியவும் செருப்புப் போட்டு நடக்கவும் தடுக்கப்பட்டார்கள். செருப்பை வணங்கிய சமூகம் மனிதனின் காலுக்கு அதை மறுத்தது. என் காலுக்கு ஏற்ற சப்பாத்து கிடைக்கவில்லை என்று நான் புலம்பும்போதெல்லாம் இந்த நினைவு வந்து என்னைக் கொஞ்சம் அடக்கி வைக்கும்.

செய்தியாளர் மாநாடுகளில் பேசுபவரின் முகத்தைக் குறித்துக்கொண்ட பிறகு, என் கண் அவரது காலுக்குப் போய்விடும். 2008 டிசெம்பர் 14ஆம் திகதி பக்தாத்தில் ஈராக்கியச் செய்தியாளர் முன்ததர் அல்-செய்தி, ஜோர்ஜ் புஷ்ஷை நோக்கித் தமது இரண்டு சப்பாத்துகளையும் எறிந்தார். அடுத்த ஏப்ரலில், 1984ஆம் ஆண்டுச் சீக்கியர் படுகொலை தொடர்பான கேள்வியின்போது, டில்லியில் ஜர்னைல் சிங் என்ற செய்தியாளர் ப. சிதம்பரத்தின் பக்கம் ஒரு சப்பாத்தை வீசினார். "உங்களுக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லையா?" என்று இளம் நிருபர் ஒருவர் கேட்டார். கோபம் பலமுறை வந்ததுண்டு. ஆனால் என் சப்பாத்தைக் காலிலிருந்து பிடுங்கி எடுப்பதற்குள் அமைச்சர் மாநாட்டை முடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதை அல்ல, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறினோம். கொட்டும் மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகரும் கூட்டம். வீட்டைப் பூட்டும்போது ஒரு பைக்குள் கல்விச் சான்றிதழ்களையும் இரண்டு சாரங்களையும் வைத்தேன். காலில், விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், அந்த ஆண்டுதான் வாங்கிய கறுப்புச் சப்பாத்து. இரண்டு மணி நேரத்தில் குதிக்கால் இரண்டும் உரிந்துவிட்டன. கழற்றி, நாடாக்களை ஒன்றோடொன்று முடிந்து, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தேன். பக்கத்தில் வந்த முதியவர் ஒருவருக்கு ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, சப்பாத்துத்தான் உம்மைச் சுமக்க வேணும். நீர் என்னெண்டால் அதைச் சுமக்கிறீர்."

இருவரும் சிரித்தோம். அந்த இரவில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான். அவருக்கு அதைக் கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. அதற்குள் அவர் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, ரொறன்ரோவில் இருக்கும் பாட்டா சப்பாத்து அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்குள் அரசர்களின் பாதணிகள், சீனப் பெண்களின் கட்டிய பாதங்களுக்கான சிறு பட்டுச் சப்பாத்துகள். அது திறக்கப்பட்ட ஆண்டு 1995 என்று வாசித்தபோது அங்கிருந்த இருக்கையில் சற்று அமர்ந்துவிட்டேன். கண்டி வீதிச் சேற்றில் புதைந்து கிடந்த பாட்டாச் செருப்புகள் என் கண்முன் வந்தன. அவற்றை யாரும் எண்ணவில்லை.

வாழ்நாள் முழுவதும் நான் வேண்டியது கடிக்காத ஒரு சப்பாத்து. ஒரு நாள் அது கிடைத்தது. புதுச் சோடி, காலை முதல் மாலை வரை ஒரு சிறு நோவுகூட இல்லை. வென்றுவிட்டேன் என்ற பூரிப்போடு வீட்டுக்கு வந்து கழற்றினால், இடது காலுறையில் இரத்தம். சின்னவிரலின் பக்கம் தோல் உரிந்து சதை தெரிந்தது.

பத்து ஆண்டுகளாக எனக்கு நீரிழிவு. மருத்துவர் மெல்லிய நைலோன் இழை ஒன்றை எடுத்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டார். முதலில் இரண்டு முறை "ஓம்" என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை, நானும் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது இழை என் பெருவிரலில் வளைந்து நின்றது. எனக்கு எதுவும் தெரியவில்லை.

நரம்பு உணர்வு இழந்த காலில் சிறு புண் கவனிக்கப்படாமல் பழுக்கும், காலையே எடுக்கும் நிலைக்கும் கொண்டுபோகும் என்று விளக்கினார். இத்தனை காலமும் நான் சபித்த நோவுதான் என் காவலாளியாக இருந்திருக்கிறது. சப்பாத்தைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்; சிறு கல் கிடந்தாலும் காலுக்குத் தெரியாது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில்தான் புதிது வாங்க வேண்டும். முதலில் ஓரிரு மணி நேரமே அணிய வேண்டும். வெறுங்காலோடு நடக்கவே கூடாது. "நல்லூரில்?" என்று கேட்டேன். "உச்சி வெயிலில் அந்த மணலில் கால் வைத்தால் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. விடியற்காலையில் போய்க் கும்பிடுங்கோ" என்றார்.

அதன் பிறகுதான் கொழும்பில் ஒரு சந்துக்குள் கையால் சப்பாத்துத் தைக்கும் ஒருவரைத் தேடிப் போனேன். வெள்ளைத் தாளில் என் கால்களைத் தனித்தனியே வைத்துப் பென்சிலால் கோடிழுத்தார். நாடா வைத்து விரல்களின் சுற்றளவு, புறங்காலின் சுற்றளவு எல்லாம் எடுத்தார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "இவ்வளவு காலமும் ஒருவரும் அளந்து பார்க்கவில்லையா ஐயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

முனை அகன்ற, கறுத்த, அழகென்று சொல்ல முடியாத சோடி அது. பார்ப்பவர்கள் தாரா என்றே சொல்வார்கள். பொருந்துகிறதா என்று என் காலைக் கேட்டுப் பயனில்லை. அந்தப் பென்சிற் கோட்டைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வோர் இரவும் மனைவி கைவிளக்கோடு வந்து என் உள்ளங்காலைப் பார்க்கிறாள். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, படுங்கோ" என்கிறாள். நான் சப்பாத்தைத் துடைத்துக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறேன்.