சின்னக் கப்பலைத் தேடி

மட்டக்களப்புக் கரைக்குக் கிழக்கே, ஐந்தாறு மைல் தொலைவில், இரண்டாவது உலகப் போர்க்காலத்துப் பெருங் கப்பலொன்று கடலடியிற் கிடக்கின்றது. "ஹேர்மிஸ்" என்பது அதன் பெயர். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வரையப்பெற்ற முதற் கப்பல் அதுவென்பர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆந் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்த செய்தியை எமது மாணவர்களிற் பலர் அறிவர். ஆனால், அன்று அதற்குத் துணையாகச் சென்று, அதனோடு கூடவே மூழ்கிய சிறு கப்பலை அறிந்தவர் மிகச் சிலரே. அவுஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த "வம்பயர்" என்னும் நாசகாரிக் கப்பலே அது.

அந்தச் சிறு கப்பலைத் தேடி நான் சிட்னி மாநகர் வரை அலைந்ததற்கு என் அம்மப்பாவே காரணர். அன்று அவருக்குப் பன்னிரண்டு வயது. சித்திரை வருடப் பிறப்புக்கு இன்னும் ஐந்து நாள். கல்லடிக் கரையிலே கூட்டாளிகளுடன் நின்றவர், வானம் வெளித்திருக்கக் கடலுக்குள் இடி முழங்குவதைக் கேட்டார். அடிவானத்திற் கரும்புகை எழுவதையும் கண்டார். இன்று அவருக்கு வயது தொண்ணூற்றைந்து. கண்பார்வை மங்கிவிட்டது. ஆயினும் அந்தப் புகை மட்டும் மங்கவில்லை. ஒருநாள் அவர் என்னைக் கேட்டார்:

"பெரிய கப்பலைப் பற்றி எல்லாரும் கதைக்கிறாங்க. மற்றச் சின்னக் கப்பல் எப்பிடி இருந்திச்சி மனே?"

பட்டதாரி ஆசிரியனாகிய என்னிடம் அதற்கு விடை இருக்கவில்லை. அக்கப்பலைச் சிறிய உருவிற் செய்து அவர் கையிலே கொடுப்பதென்று அன்றே தீர்மானித்தேன். கல்லூரியில் மாணவர் சிலரும் இம்முயற்சியில் என்னோடு சேர்ந்துகொண்டனர்.

கடலில் மிதக்கும் வம்பயர்

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் அக்காவின் அழைப்பின் பேரிற் சிட்னிக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. எம்மவர் நிறைந்து வாழும் வென்ற்வேர்த்வில் என்னும் இடத்தில் அவர்கள் வீடு. அங்கு அது குளிர்காலம். ஒரு காலைப்பொழுதில் அத்தானுடன் புகையிரதமேறி நகரின் நடுவில் இறங்கி, 1902ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பிர்மொன்ற் பாலத்தின் வழியே நடந்து டார்லிங் துறைமுகத்தை அடைந்தேன். அங்கேதான் அவுஸ்திரேலியத் தேசியக் கடல்சார் நூதனசாலை அமைந்திருக்கின்றது. பாய்மரக் கப்பலின் பாய்களை நினைவூட்டும் வெண்கூரைகளின் அருகே, சாம்பல் வண்ணம் பூசிய போர்க்கப்பலொன்று கட்டப்பட்டு நிற்கின்றது. அதன் பெயரும் "வம்பயர்" என்பதே!

மூழ்கிய கப்பலின் பெயரைச் சூட்டிப் பின்னாளிற் கட்டிய கப்பல் இதுவென்பதை நான் முன்னரே அறிவேன். ஆயினும், தாயைப் போலப் பிள்ளை என்ற எண்ணத்தில், இதைப் பார்த்தே அதனைச் செய்துவிடலாமென்று நம்பினேன். ஆதலால் இரண்டு மணி நேரம் மேலும் கீழும் ஏறியிறங்கிப் படம் பிடித்தேன், பீரங்கிகளை எண்ணினேன், ஏணிப்படிகளைக் கூட அளந்து குறித்துக்கொண்டேன். நான் செய்வதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். முன்னாட் கடற்படையினரான அவர், இப்பொழுது பார்வையாளருக்கு வழிகாட்டும் தொண்டு செய்பவர்.

"ஐயா, நீங்கள் தேடுவது எந்த வம்பயரை?" என்று வினவினார்.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னை ஓர் இருக்கையில் அமர்த்தி, இரு கப்பல்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுமையுடன் விளக்கினார். நான் அளந்துகொண்டிருந்த கப்பல் சிட்னியிலேயே கட்டப்பெற்று, 1956இல் நீரில் இறக்கப்பட்டு, 1959 முதல் 1986 வரை சேவையாற்றியது. ஏறக்குறைய 390 அடி நீளமானது. இரட்டைப் பீரங்கிகள் பொருத்திய மூடிய கூண்டுகள் மூன்று அதில் உள்ளன. எங்கள் கடலில் மூழ்கியதோ, இங்கிலாந்தின் வைற் தீவிலுள்ள கௌஸ் நகரில், முதலாவது உலகப் போர்க்காலத்திற் கட்டப்பெற்றது. 1917இல் நீரில் இறங்கிய அதன் நீளம் 312 அடி மட்டுமே. நான்கு அங்குல வாயுடைய ஒற்றைப் பீரங்கிகள் நான்கு அதன் மேற்றளத்தில் நின்றன. பெயரொன்றே ஒற்றுமை!

என் குறிப்புப் புத்தகத்தின் பதினாறு பக்கங்களும் வீணாயின. முற்றாக வீணென்றும் சொல்வதற்கில்லை. நாசகாரிக் கப்பலொன்றின் உள்ளே மனிதர் எத்துணை நெருக்கத்தில் வாழ்ந்தனர் என்பதை அன்றுதான் என் தோள்கள் உணர்ந்தன. இவ்வளவு பெரிய கப்பலே இத்தனை ஒடுக்கமானால், அந்தச் சிறு கப்பலில் நூறுக்கு மேற்பட்டோர் எவ்வாறு இருந்தனர் என்ற வியப்பு என்னை விட்டு நீங்கவில்லை.

யப்பானிலிருந்து வந்த பெட்டி

மறுநாள், மாதிரி வாகனங்களும் கப்பல்களும் விற்கும் ஒரு கடையைத் தேடிச் சென்றேன். "கிற்" என்று அவர்கள் சொல்லும் பெட்டிகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. ஒரு பெட்டியிலே பிளாஸ்ரிக் உறுப்புகள் சட்டங்களிற் பிணைந்திருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, அராவி, ஒட்டி, வண்ணந் தீட்டிக் கப்பலாக்க வேண்டும். நல்லூழாக, 1942இல் மூழ்கிய அதே வம்பயரின் பெட்டியொன்று அங்கே இருந்தது. எழுநூறில் ஒரு பங்கு அளவு. 312 அடிக் கப்பல் அதில் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். நீருக்கு மேல் தெரியும் பகுதி மட்டுமே உண்டு, மேசையே கடல்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்த நான் சிறிது நேரம் பேசாது நின்றேன். அதைச் செய்தவர்கள் தாமியா என்னும் யப்பானிய நிறுவனத்தார். சிசுவோகா நகரின் நான்கு நிறுவனங்கள் சேர்ந்து 1971இல் இவ்வகைக் கப்பல் வரிசையைத் தொடங்கினவாம். அவற்றுள் ஒன்றான அவோஷிமா ஹேர்மிஸ் கப்பலையும் வெளியிட்டிருக்கின்றது. யப்பானிய விமானிகள் மூழ்கடித்த இரு கப்பல்களையும், யப்பானியக் கைவினைஞரே ஆணி ஆணியாக ஆராய்ந்து மீட்டுத் தந்திருக்கின்றனர். பகைக்கு ஆயுள் குறைவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடைக்காரர் எனக்கு ஓர் அறிவுரை கூறினார். மாதிரிக் கப்பல் செய்பவன் முதலில் ஒரு நாளைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதே அது. கப்பல் பிறந்தது போலவே இறுதி வரை இருப்பதில்லை. பீரங்கி மாறும், பாய்மரம் குட்டையாகும், வண்ணம் மாறும். "எந்த ஆண்டின் கப்பல்?" என்ற வினாவுக்கு விடை சொல்லாமல் எந்தப் படத்தையும் நம்பக் கூடாது. எனக்கு அந்த வினா கடினமாயில்லை. நான் வேண்டியது ஒரே ஒரு நாளின் கப்பல்.

கன்பராவின் சுவர்கள்

ஆதாரங்களை நால்வகையாகப் பிரிக்கலாமென்று கண்டேன். முதலாவது, கட்டியவர்களின் வரைபடங்கள். பிரித்தானியக் கப்பல்களின் மூல வரைபடங்கள் பல இலண்டன் கிறீனிச்சிலுள்ள கடல்சார் நூதனசாலையின் பொறுப்பில் இருக்கின்றன. இரண்டாவது, நூல்கள். பிரித்தானிய நாசகாரிகளைப் பற்றி நோமன் பிறீட்மன் எழுதிய பெருநூலில் இவ்வகைக் கப்பல்களின் கோட்டுப் படங்கள் தெளிவாக உள்ளன. மூன்றாவது, நிழற்படங்கள். நான்காவது, அனுபவமுடைய மனிதர். துறைமுகத்து முதியவரும் கடைக்காரரும் இவ்வகையினர்.

நிழற்படங்களுக்காக அத்தானும் நானும் கன்பராவுக்குப் பயணமானோம். அங்குள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகம் 1941இல் திறக்கப்பெற்றது. வம்பயரின் வாழ்க்கை வரலாற்றை அங்கே கோவைப்படுத்திக்கொண்டேன். 1933இல் அது அவுஸ்திரேலியாவுக்கு வழங்கப்பட்டது. போர் தொடங்கியதும் மத்தியதரைக் கடலுக்குச் சென்றது. அதனையும் அதன் நான்கு கூட்டாளிக் கப்பல்களையும் "பழைய இரும்புக் கூட்டம்" என்று ஜெர்மானியர் எள்ளினர். மாலுமிகளோ அந்தப் பட்டத்தையே பெருமையாகச் சூடிக்கொண்டனர். 1941 டிசெம்பர் 10ஆந் திகதி மலாயாக் கரைக்கு அப்பால் "பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்", "றிப்பல்ஸ்" என்னும் பெருங் கப்பல்கள் மூழ்கியபோது, நீரிற் தத்தளித்தோரை மீட்ட கப்பல்களில் வம்பயரும் ஒன்று. அடுத்த நான்கு மாதத்தில் அதற்கே முடிவு வந்தது.

திருகோணமலைக்குத் தாக்குதல் வருமென்று அறிந்து, ஏப்பிரல் 8ஆந் திகதி இரவு ஹேர்மிசும் வம்பயரும் தெற்கு நோக்கி விலகிச் சென்றன. மறுநாட் காலை திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டன. விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. ஹேர்மிசில் முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் குண்டுகள் வம்பயர் மீது விழ, அது இரண்டாகப் பிளந்தது. ஆயினும் அதில் இறந்தோர் பத்துப் பேருக்கும் குறைவு. அவர்களுள் ஒருவர் கப்பற் தலைவர் மொறன். "வீற்றா" என்னும் வைத்தியக் கப்பல் வந்து, இரு கப்பல்களினின்றும் தப்பியவர்களை மீட்டது.

நினைவகத்தின் நீண்ட தாழ்வாரங்களில், வெண்கலத் தகடுகளிலே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் பதவிப் பட்டங்கள் ஏதுமின்றிப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தலைவனும் கடைநிலை ஊழியனும் அங்கே சமமானவர்கள். மக்கள் சிவந்த பொப்பிப் பூக்களைப் பெயர்களின் அருகே செருகிச் செல்கின்றனர். வம்பயரின் பெயர்களைத் தேடிக் கண்டு, நானும் ஒரு பூவைச் செருகினேன். எங்கள் கடலிலிருந்து வந்தவன் என்ற உரிமை எனக்கு உண்டல்லவா?

நெல்மணியளவு மனிதர்

ஊர் திரும்பியதும் மாணவர்களுடன் வேலையைத் தொடங்கினேன். மூன்று மாதம் சென்றது. சிறு உறுப்புகளைக் குறட்டினாற் பிடித்து, மூச்சை அடக்கி ஒட்டினோம். முடிந்த பின்னர்தான் என் பிழை விளங்கிற்று. கண்ணுக்கு அது அழகிய கப்பல்; விரலுக்கோ அது ஒன்றுமில்லை. அம்மப்பாவாற் பார்க்க முடியாது. தொட்டுப் பார்த்தாற் பாய்மரம் முறிந்துவிடும். யாருக்காகச் செய்தோமோ அவருக்கே அது பயன்படாது!

தச்சர் மகனான மாணவன் ஒருவன் வழி சொன்னான். "சேர், இதை அளவுகோலாய் வைச்சு மரத்தில பெரிசாச் செய்வம்" என்றான். ஓர் அடிக்கு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு என்று அளவு வகுத்தோம். பிளாஸ்ரிக் கப்பலின் ஒவ்வோர் அளவையும் மூன்றரைக்குச் சற்று அதிகமாகப் பெருக்கி, நூலின் கோட்டுப் படத்தோடு ஒப்பிட்டோம். முள்முருக்க மரத்திற் பத்தொன்பதரை அங்குல நீளமான வம்பயர் உருவாயிற்று. நான்கு பீரங்கிகளும் இரு புகைக்குழாய்களும் விரலுக்குத் தட்டுப்படும்படி உறுதியாக அமைந்தன. முதற் கப்பல் கல்லூரியின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றது. மரக் கப்பல் துணியிற் சுற்றப்பட்டு, என் மடியிலே மட்டக்களப்பு பஸ்ஸில் வந்தது.

அம்மப்பா அதை மடியில் வைத்து, முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரை மெல்லத் தடவினார். பீரங்கிகளை எண்ணினார். பிறகு கேட்டார்:

"ஆக்கள் எவ்வளவு உயரம் மனே?"

"இந்த அளவில் ஓர் ஆள் ஒரு நெல்மணியின் நீளம் இருப்பார், அம்மப்பா."

அவர் நெடுநேரம் பேசவில்லை. வயல் செய்தவர், நெல்மணியின் அளவை அவருக்கு எவரும் காட்ட வேண்டியதில்லை. பின்னர், "புகையைத்தான் நான் கண்டனான். அதுக்குள்ள இவ்வளவு பேர் இருந்தாங்கெண்டு இப்பதான் விளங்குது" என்றார்.

மாணவர்களே, விடுமுறையிற் கல்லடிக் கரைக்குச் சென்றால், கிழக்கே ஒருகணம் நோக்குங்கள். அங்கே பெரிய கப்பல் மட்டுமன்று, சின்னக் கப்பலும் ஒன்று இருந்தது. அதைப் பற்றிக் கேட்பதற்கு வீட்டில் முதியவர் எவரேனும் இருந்தால், நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள்.