டெக்சாஸ் டூர் லிஸ்டும் எங்க ஊரு கல்லும்

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"அரியலூர் பக்கம்."

"ஓ, சிமெண்ட் ஊரா?"

சென்னையில வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து இந்த வசனம் மாறவே இல்லை. சில பேரு ஆலங்குடியோட குழப்பிக்குவாங்க. பெரம்பலூர்னு சொன்னா இன்னும் சுலபம். "ஆமா ஆமா, திருச்சி போறப்ப பஸ் நிக்குமே" அப்டின்னு முடிச்சிடுவாங்க.

இந்தப் பதிவுக்குக் காரணம் எங்க டீம்ல இருக்கற ஒரு அண்ணன். மதுரைக்காரர், டல்லாஸ்ல செட்டில் ஆனவர். நான் மூணு மாசம் ஆன்சைட் போனப்ப, சனி ஞாயிறு எங்க போகணும், எவ்ளோ தூரம், எத்தனை டாலர் டிக்கெட், எங்க தண்ணி கிடைக்காதுன்னு ஒரு பெரிய லிஸ்ட் அனுப்பினார். அதைப் பாத்துதான் கிளென் ரோஸ் போனேன். அங்க பலக்ஸி ஆத்துப் படுகையில, சுண்ணாம்புப் பாறை மேல டைனோசர் கால் தடம். வயசு 11 கோடி வருஷத்துக்கு மேல. மக்கள் குடும்பம் குடும்பமா வந்து அந்தத் தடத்துல கால் வெச்சுப் பாக்கறாங்க. நானும் வெச்சேன். வெச்சதும் தோணினது என்னன்னா, இந்தக் கல்லை எனக்குத் தெரியுமே!

இப்ப அந்த அண்ணன் டிசம்பர்ல ரெண்டு பசங்களோட ஊருக்கு வர்றார். "தம்பி, உன் ஊருக்கு ஒரு லிஸ்ட் போடு"ன்னுட்டார். போட்டுடுவோம்.

முதல்ல எப்படி வர்றது. பெரம்பலூர்ல ரயில்வே ஸ்டேஷனே கிடையாது, தேடாதீங்க. வைகை, பல்லவன்ல ஏறி அரியலூர்ல இறங்கணும். பஸ்னா சென்னை - திருச்சி ரோட்ல பெரம்பலூர். ரெண்டு ஊருக்கும் நடுவுல 30 கிலோமீட்டர் சொச்சம். ஆனா முன்னாடி ஒரு சிமெண்ட் லாரி மாட்டிக்கிச்சுன்னா எவ்ளோ நேரம் ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்.

மாவட்டக் கதை ஒரு காமெடி. 1995ல திருச்சியில இருந்து பெரம்பலூர் பிரிஞ்சுது. 2001ல அதுல இருந்து அரியலூர். 2002ல மறுபடி சேத்துட்டாங்க. 2007 நவம்பர் 23ல திரும்பப் பிரிச்சாங்க. எங்க தாத்தா வீடு மாறாமலே மூணு மாவட்டத்துல குடியிருந்திருக்கார். அதே நவம்பர் 23, 1956லதான் மருதையாத்துப் பாலம் உடைஞ்சு தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவுந்துது. 140 பேருக்கு மேல போய்ட்டாங்க. ரயில்வே மந்திரியா இருந்த லால்பகதூர் சாஸ்திரி அதுக்குப் பொறுப்பேத்து ராஜினாமா பண்ணினார். ஊருல பெருசுங்க இன்னும் அந்த மழையைப் பத்திப் பேசும்.

கங்கைகொண்ட சோழபுரம் எல்லாருக்கும் தெரியும், சுருக்கமா முடிச்சிடறேன். ராஜேந்திரன் கட்டினது, 2004ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. மத்தியானம் நடை சாத்திடுவாங்க, காலையிலயே போய்டுங்க. கோயிலைப் பாத்துட்டு அப்படியே திரும்பிடாம, அவர் வெட்டின சோழகங்கம் ஏரியையும் பாருங்க. இப்ப பேரு பொன்னேரி. இன்னொண்ணு, கோயில் மதில் ஏன் மொட்டையா இருக்குன்னு பசங்க கேப்பாங்க. 1836ல வெள்ளைக்காரன் கொள்ளிடத்துல கீழணை கட்டறப்ப இங்க இருந்துதான் கல்லைப் பெயர்த்துக்கிட்டுப் போனான்.

பொன்னியின் செல்வன் ஆளுங்க மேலப்பழுவூரை விட்டுடாதீங்க. பழுவேட்டரையர் ஊரு அதுதான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். தெரியாம செவ்வாய்க்கிழமை வந்து பூட்டைக் கும்பிட்டுட்டுப் போனவங்க நிறைய பேரு. ரஞ்சன்குடி கோட்டை ஹைவேயிலயே தெரியும், ஏறி எறங்க ஒரு மணி நேரம் போதும். கரைவெட்டி ஏரிக்கு டிசம்பர் சரியான நேரம். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வரும். 2024ல அதை ராம்சர் பட்டியல்ல சேத்திருக்காங்க.

இப்ப கல்லுக்கு வர்றேன்.

எங்க மாவட்டம் ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்துச்சு. கிரெட்டேசியஸ் காலம், கிளென் ரோஸ் தடமும் அதே காலம்தான். 1862லயே பிளான்ஃபோர்டுங்கற வெள்ளைக்காரர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு மூணு அடுக்காப் பிரிச்சு எழுதிட்டார். உலகம் பூரா ஜியாலஜி படிக்கறவன் அரியலூர் பேரைப் படிச்சிருப்பான். சென்னைக்காரன்தான் சிமெண்டான்னு கேக்கறான்!

சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாக் கிடக்கு. 1940ல கிருஷ்ணன்னு ஒரு ஜியாலஜிஸ்ட் கண்டுபிடிச்சார். வேலி போட்டு வெச்சிருக்காங்க. நான் போன அன்னிக்கு என்னையும் ரெண்டு ஆட்டையும் தவிர யாரும் இல்லை. தண்ணி, சாப்பாடு கையோட கொண்டு போங்க. காரை பக்கத்துல மண்ணு அரிச்சு அரிச்சு சின்ன பள்ளத்தாக்கு மாதிரி நிக்கும், நடுவுல ஜிப்சம் மினுமினுங்கும். கடைசியா வாரணவாசி அருங்காட்சியகம். கிடைச்ச கல்லையெல்லாம் முறையா அடுக்கி வெச்சிருக்காங்க. பசங்களுக்கு முதல்ல இதைக் காட்டிட்டு அப்புறம் சாத்தனூர் கூட்டிட்டுப் போனா புரியும்.

எங்க கொல்லையிலயும் இந்தக் கல்லு கிடந்துச்சு. பருத்திக்கு உழறப்ப கலப்பையில மாட்டும். சுருள் சுருளா இருக்கும், நாங்க நத்தைக்கல்லும்போம். அம்மோனைட்னு பேரு இருக்கறதே எனக்குக் காலேஜ் வந்துதான் தெரியும். நான் பிளஸ் டூ முடிச்ச வருஷம் அப்பா அந்த ரெண்டு ஏக்கரை சுரங்கத்துக்குக் குடுத்துட்டார். எந்தக் கம்பெனின்னு இங்க வேண்டாம். அந்தக் காசுலதான் நாலு வருஷம் இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டினோம். இப்ப அங்க போனா கொல்லை இல்லை, பள்ளம்தான். அடியில பச்சையாத் தண்ணி. சுரங்கம் தோண்டலைன்னா பாதிக் கல்லு வெளியவே வந்திருக்காது, அதுவும் நிஜம். வந்ததுல பாதி மாவாகிப் போச்சு, அதுவும் நிஜம். டெக்சாஸ்காரன் மாதிரி நம்மாளு பாதுகாக்கலையேன்னு எழுத ஆரம்பிச்சு ரெண்டு தடவை அழிச்சிட்டேன். எழுதறவன் எந்தக் காசுல படிச்சான்னு எனக்கே தெரியுமே.

லிஸ்ட் போடறதுக்காக போன வாரம் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். டிவி ஸ்டாண்டுல ஒரு நத்தைக்கல்லு இருக்கு, எட்டாவது படிக்கறப்ப நான் பொறுக்கினது. வாரணவாசியில குடுத்துடலாமாப்பான்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நம்ம கொல்லையில மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்டா. நான் இருக்கற வரைக்கும் இருக்கட்டும்"னார்.

சரிப்பான்னுட்டேன். அண்ணன் பசங்க வந்தா வீட்டுக்கே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார், கையில குடுத்துக் காட்டுவாராம். அம்மா சின்ன வெங்காயம் போட்டு கருவாட்டுக் குழம்பு வெக்கறேன்னு சொல்லியிருக்காங்க. பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காயம், வாசமே தனி. அண்ணனுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமையா வாங்க, சிறுவாச்சூரையும் முடிச்சிடலாம். ஆனா குழம்பு சனிக்கிழமைதான் :)