ரகரமும் றகரமும்

சம்மாந்துறையிலே, தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தில், யாம் அல்கொரிதம் பயின்ற காலம். ஒன்பதாம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயர் மருவியதே அச்சொல். அகரவரிசைப்படி நின்ற ஆயிரம் பெயர்களுள் ஒன்றை, நடுவில் நோக்கி, வேண்டாப் பாதியைத் தள்ளி, எஞ்சியதையும் அவ்வாறே பகுத்துச் சென்றால், பத்து நோக்கிற் கண்டுவிடலாம் என்றார் விரிவுரையாளர். யாவரும் வியந்தனர். எமக்கோ வேறொரு பட்டியல் நினைவில் எழுந்தது.

2004 டிசெம்பர் 26இற் கடல் பொங்கி மருதமுனையை அழித்தபோது யாம் நம் கல்லூரி மாணவர். அவ்வூரவனான வகுப்புத் தோழனைத் தேடி முகாம் முகாமாய் அலைந்தோம். ஒரு முகாமின் சுவரில், தஞ்சம் புகுந்தோர் பெயர்கள் வந்தவர் வந்தபடியே எழுதப்பட்டிருந்தன. விரல் வைத்து ஒவ்வொன்றாய்ப் படித்தோம். நான்காம் தாளின் அடியில் அவன் பெயர்! கண்ணீர் மறைக்க மீண்டும் பார்த்தோம். யாம் ரகரத்தில் எழுதும் பெயரை, எழுதியவர் றகரத்தில் தொடங்கியிருந்தார்.

அப்பட்டியல் அகரவரிசையில் இருந்து, யாமும் பாதி பாதியாய்த் தள்ளியிருப்பின், அவனையும் தள்ளியிருப்போம். இதனை விரிவுரையாளரிடம் கூறினோம். அவர் சிறிது பொழுது வாளாவிருந்தார். பின், வரிசைப்படுத்துமுன் அவ்விரு எழுத்தையும் ஒன்றாகக் கொள்ளும் நிரலொன்றை எழுதி வரப் பணித்தார். இரண்டு கிழமை சென்றது. லகர ளகரங்களும் வழிமறித்தன.