துண்டும் துட்டும்

ஹோட்டல் பாத்ரூமில் அந்தச் சின்ன அட்டையைப் பார்த்திருப்பீர்கள். 'பூமியைக் காப்போம். துண்டைக் கொக்கியில் மாட்டினால் அப்படியே விட்டுவிடுவோம்; தரையில் போட்டால் துவைப்போம்.' பக்கத்தில் ஒரு பச்சை இலை.

நல்ல விஷயம்தான். தண்ணீர், சோப்பு, கரண்ட் எல்லாம் மிச்சம். ஆனால் பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? அந்த மிச்சம் யார் கணக்கில் வரவு? ரூம் வாடகையில் பத்து ரூபாய் குறைந்ததா? 1986-லேயே ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர், இதே துண்டு அட்டையில் கடுப்பாகித்தான் 'கிரீன்வாஷிங்' என்று பேர் வைத்தார். பச்சைப் பெயின்ட் அடிக்கிற வேலை!

அதைக்கூட விடுங்கள். 2018-ல் அமெரிக்காவில் மேரியட் ஹோட்டல் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஸ்டிரைக் செய்தார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, 'தினமும் க்ளீனிங் வேண்டாம்' என்கிற விருந்தாளிக்குப் பாயின்ட் கொடுக்கும் பசுமைத் திட்டம். பெருக்க வேண்டிய ரூம் குறைந்தால் வேலை நேரம் குறையும், சம்பளமும் குறையும். நாலு நாள் கழித்துத் திறக்கிற ரூமிலோ அழுக்கு அப்பிக் கிடக்கும். அதைத் தேய்த்து எடுப்பதும் அதே அம்மாதான்.

துண்டைத் தாராளமாகக் கொக்கியில் மாட்டுங்கள். வீட்டில் என்ன, தினம் ஒரு துண்டா எடுக்கிறோம்? கிளம்பும்போது மட்டும் ரிசப்ஷனில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "க்ளீனிங் வேண்டாம்னு சொன்னேனே, அந்த மூணு நாளுக்கு ரூம் பெருக்குற அம்மாவுக்குச் சம்பளம் உண்டா சார்?"