சடைநாயின் நெற்றிமயிர்

இரத்தோட்டையில் எமது இல்லத்தில் ஒரு சடைநாய் உண்டு. கடல்கடந்து சென்ற நண்பரொருவர் எம்மிடம் விட்டுச் சென்றது. நெற்றிமயிர் நீண்டு அதன் இரு கண்களையும் மூடிவிட்டது. வாயிற்படியில் முட்டிக்கொள்ளும், பீளையும் நீரும் வடியும். அம்மயிர் கண்ணுக்குக் காப்பு என்று யாரோ கூறியதை நம்பி நாமும் வாளாவிருந்தோம். பட்டம் பெற்றோரிடமும் இத்தகைய நம்பிக்கைகளுக்குக் குறைவில்லை.

நிற்க. பத்தாம் வகுப்பில் 'என் தந்தையின் தொழில்' என்றொரு கட்டுரை எழுதப் பணித்தோம். தோட்டத்து மாணவனொருவன் வெற்றுத்தாளை நீட்டினான். காரணம் கேட்டோம்.

"அப்பா கொழும்பில நாய்க்கு முடி வெட்டுறாரு, சார்."

வகுப்புச் சிரித்தது. நாமும் புன்னகைத்துவிட்டோம். அதனை அவன் கண்டான்.

அவன் பாட்டனார் தோட்டத்து நாவிதர். லயத்து மக்களுக்கும், துரையின் பங்களா நாய்க்கும் கத்தரிக்கோல் பிடித்தவர். நாயைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள இத்தீவில் 1901ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. அந்நாய்க்கு மயிர் கத்தரித்தவரையோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கிற்று. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காண அவர் உயிருடன் இல்லை.

தைப்பொங்கலுக்குத் தந்தை ஊர் வந்திருப்பதறிந்து லயத்திற்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்கும் துணிவு வரவில்லை, நாயைச் சாக்காக்கினோம். மறுநாட் காலை மகனுடன் வந்தார்.

முதலில் கத்தரிக்கோலைத் தொடவேயில்லை. வெந்நீரில் நனைத்த துணியாற் பீளையை ஊறவைத்துத் துடைத்தார். காதுகளின் பின்னே சிக்குண்ட மயிரை விரலாலேயே பிரித்து, உண்ணிகளை ஒவ்வொன்றாய் எடுத்தார். நெற்றிமயிரை முன்னோக்கிச் சீவி, முனை மழுங்கிய கத்தரிக்கோலை முகத்தோடு ஒட்டினாற்போற் படுக்கவைத்து, நுனி ஒருபோதும் கண்ணை நோக்காதவாறு சிறிது சிறிதாகக் கத்தரித்தார். மகன் நாயின் தாடையைத் தாங்கியிருந்தான். மயிர் உரசி உரசியே கருவிழி புண்ணாகும் என்றார். காப்பென்று நாம் நம்பியது அதுதான்.

"உடல் முழுதும் மழித்துவிட்டால் வெயிலுக்கு இதமல்லவா?" என்றோம்.

"வேணாங்க சார். நாய்க்கு நம்மள மாதிரி மேலெல்லாம் வேர்க்காது; இரைச்சு இரைச்சுத்தான் சூட்டை வெளிய விடும். முடி இருந்தாத்தான் தோல்ல வெயில் சுடாது."

இவ்வறிவை எந்தப் பாடநூலில் நாம் கற்றோம்? கடையில் ஒரு நாய்க்கு வாங்கும் பணம், அவர் மனைவி கொழுந்து பறித்துப் பெறும் நாட்சம்பளத்தை எளிதில் மிஞ்சுமாம். அந்நாட்சம்பளம் 1000 ரூபாயாவதற்கே 2021ஆம் ஆண்டு வரை தொழிலாளர் போராட வேண்டியிருந்தது. கடைக்கு வரும் பணத்தில் அவர் கைக்குச் சேர்வது சிறு பங்கே. இதனை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. நாம் துருவிக் கேட்டதனாற் சொன்னார்.

கூலி கொடுக்க முனைந்தோம். "புள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்கிறீங்க" என்று மறுத்தார். அப்பொழுதுதான் அந்தப் புன்னகையைப் பற்றி மகனிடம் பேச நா எழுந்தது. அவன் தலை குனிந்து, கத்தரிக்கோலில் ஒட்டியிருந்த மயிரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கட்டுரை எழுதித் தாறேன் சார். ஆனா வகுப்பில வாசிக்கச் சொல்லாதீங்க."

சம்மதித்தோம்.