விதியும் வைத்தியமும்

எங்கள் தோட்டத்துச் சிறுவன் ஒருவனுக்கு உடல் வெளுத்து, அடிபடாமலே நீலத் தழும்புகள் தோன்றின. பெற்றோர் தாயத்துக் கட்டினர். “விதி” என்றனர் பெரியோர். நாலெழுத்துக் கற்ற கிராணியாகிய நானும் வாளாவிருந்தேன். அஃது இரத்தப் புற்றுநோய் என மூன்று வாரங்கழித்தே அறிந்தோம். சிறுவன் பிழைத்தான், எனது நாணம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இந்நோயை வெல்ல மலேசிய, சிங்கப்பூர் வைத்தியர்கள் “மா-ஸ்போர் 2003” என்னும் ஆராய்ச்சியில் ஒன்றுகூடினர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் அதிற் பங்கு கொண்டது. சிகிச்சைக்குப் பின் எலும்பு மச்சையில் எஞ்சிய நோயணுக்களை அளந்து, அவை அருகிய குழந்தைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்தனர். 556 குழந்தைகளைப் பற்றிய முடிவு 2012-இல் வெளிவந்தது: ஆறாண்டு உயிர்பிழைப்பு நூற்றுக்குச் சுமார் 88. அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையோ, பலதேச வைத்தியரும் இணையத்தின் வழியே கற்கவும் கலந்து பேசவும் 2002-லேயே வழி திறந்தது.

கடல் கடந்த வைத்தியர், சாதியும் சமயமும் கேளாது, ஓர் ஏழைக் குழந்தையின் இரத்தத்தைப் பற்றி ஆராய்கின்றனர். நாமோ பக்கத்துப் பட்டணத்து மருத்துவமனைக்குச் செல்ல நாள் பார்க்கிறோம்! விஞ்ஞானத்தின் கை எத்துணை நீளினும், குழந்தையை அதன் வாசலிற் சேர்க்க வேண்டியவர் நாமன்றோ?