திருப்பித் தரப்பட மாட்டாது

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ரங்கநாதன் தெருவில் கடைக்குக் கடை போர்டு இருக்கும். நாமும் படித்துவிட்டு மறுநாள் அந்தப் புடவையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்போம். முதலாளி முகத்தைச் சுளித்து, வேறு கலர் கொடுப்பார். அந்த போர்டு ஒரு பேச்சுவார்த்தையின் ஆரம்பம்தான். ஆனால் அதே வாசகம் கம்ப்யூட்டர் திரையில் 'நான்-ரீஃபண்டபிள்' என்று சின்ன எழுத்தில் வரும்போது முகத்தைச் சுளிக்கக்கூட அங்கே ஆள் இல்லை.

வீக்எண்ட் என்பதே நமக்குப் புதுசு. என் அப்பா காலத்தில் சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல், கோடை லீவில் சொந்த ஊர். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளாம்பாக்கத்தில் போய்ப் பாருங்கள். பாதி சென்னை முதுகில் பையோடு நிற்கிறது. வருஷத்துக்கு 52 வாரக் கடைசிதான். அதற்குள் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், நண்பர்களோடு ஏற்காடு எல்லாம் அடங்க வேண்டும். மோதாமல் என்ன செய்யும்?

ஹோட்டல்காரரைத் திட்டுவதற்கு முன் அவர் பக்கத்தையும் பார்த்துவிடலாம். இன்று இரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. பூக்காரம்மாவின் கூடையில் சாயங்காலம் மிஞ்சின மல்லி மாதிரிதான் அது. அதனால் 'நிச்சயமாக வருவேன், வராவிட்டாலும் காசு உங்களுக்குத்தான்' என்று வாக்குக் கொடுப்பவருக்குக் கொஞ்சம் குறைத்துத் தருகிறார். தள்ளுபடி என்று நாம் நினைப்பது, அவருடைய ரிஸ்க்கை நம் தலையில் வாங்கிக்கொள்ள நமக்குக் கிடைக்கும் கூலி.

போன 2025 பிப்ரவரியில் எங்கள் வீட்டில் இந்தக் கூலி விவகாரம் வந்தது. பெங்களூரில் இருக்கும் என் மகள் குன்னூரில் இரண்டு அறை, இரண்டு ராத்திரி போட்டிருந்தாள். 21,600 ரூபாய். கேன்சல் செய்யலாம் என்கிற ரேட்டில் 25,200. நானும் மனைவியும் சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ், டில்லியிலிருந்து மகன் கோயமுத்தூருக்கு விமானம், மகளும் மாப்பிள்ளையும் காரில். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயிலில் ஐந்து சீட்டு வேறு கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பு.

இது வெறும் ஊர் சுற்றல் இல்லை. மகளின் கல்யாணம் அவளாகத் தேடிக்கொண்டது. பையன் மைசூர்க்காரன், கன்னடம் பேசுகிறவன். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து, அப்புறம் சின்னதாக ஒரு ரிசப்ஷன். எங்கள் பக்கத்து உறவில் பாதிப் பேர் வரவில்லை. நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக இரண்டு நாள் இருக்கப் போவது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் மாயவரத்திலிருந்து போன். பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம். தை மாதம் என்று இருந்தது, நியூ ஜெர்ஸியில் இருக்கும் பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் மாசிக்குத் தள்ளிவிட்டார்கள். நட்சத்திரம் பார்த்து ஐயர் சொன்ன தேதி, மிகச் சரியாக எங்கள் சனிக்கிழமை. இடம் திருக்கடையூர்.

பெரியப்பா கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்தவர். 1983ல் நான் திருச்சியில் காலேஜ் சேர்ந்தபோது ஹாஸ்டல் பணம் கட்டியது பெரியம்மாவின் வளையல். அதை அவர்கள் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. ரிசப்ஷனுக்கு வராத பாதிப் பேரில் பெரியப்பாவும் ஒருவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"எல்லாம் சேர்த்து எவ்வளவு போகும்?" என்றாள் மனைவி. நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

ஓஹியோ பல்கலைக்கழகத்தில் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு உளவியல்காரர்கள் 1985ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. மாணவர்களிடம் ஒரு கற்பனைக் கதை சொன்னார்கள். மிச்சிகனுக்குப் பனிச்சறுக்குப் பயணம், டிக்கெட் 100 டாலர். விஸ்கான்ஸினுக்கு இன்னொன்று, 50 டாலர். இரண்டையும் வாங்கிவிட்டீர்கள். விஸ்கான்ஸின்தான் உங்களுக்கு அதிக சந்தோஷம் தரும். பார்த்தால் இரண்டும் ஒரே வாரக் கடைசி! திருப்பித் தரவும் முடியாது, விற்கவும் முடியாது. எதற்குப் போவீர்கள்? 61 பேரில் 33 பேர் மிச்சிகன் என்றார்கள். சந்தோஷம் குறைவு என்று தெரிந்தே, நூறு டாலர் வீணாகக் கூடாது என்று. 150 டாலரும் எப்போதோ போய்விட்டது, மிச்சமிருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை என்பது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உறைக்கவில்லை.

அதனால் பேப்பரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு போகும்' இல்லை. டிக்கெட்டே வாங்கவில்லை என்றால் அந்தச் சனிக்கிழமை எங்கே இருப்போம்? எனக்கு பதில் தெரிந்தது. மகளிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ரயில்தான் இருப்பதில் நல்லவர். அன்றைய விதிப்படி 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் செகண்ட் ஏசிக்கு ஆளுக்கு 200 ரூபாயும் வரியும்தான் பிடித்தம். நேரம் நெருங்க நெருங்கக் கால் பங்கு, அரைப் பங்கு, கடைசியில் பூஜ்யம். கன்ஃபர்ம் ஆன தத்கால் என்றால் ஆரம்பத்திலேயே பூஜ்யம். அதற்குள் மைத்துனி போன் செய்து, "அக்கா, டிக்கெட்டை வீணாக்காதே, நாங்க போய்க்கறோம்" என்றாள். இதற்கும் ரயில்வேயில் வழி உண்டு. வண்டி கிளம்ப 24 மணி நேரம் முன்னால் ரிசர்வேஷன் தலைமை மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்தால், குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு ஒரு தடவை மாற்றித் தருவார்கள். குடும்பம் என்றால் யார்? அப்பா, அம்மா, சகோதரன், சகோதரி, மகன், மகள், கணவன், மனைவி. ஆக, அக்காவின் சீட்டில் தங்கை போகலாம். என் சீட்டில் சகலை போக முடியாது! ரயில்வே அகராதியில் மாமியார், மாப்பிள்ளை, சகலை எல்லாம் குடும்பம் இல்லை. மைத்துனி மட்டும் தனியாகக் குன்னூர் போகும் யோசனை சகலைக்குப் பிடித்திருந்தது, அவளுக்குப் பிடிக்கவில்லை. கேன்சல் செய்துவிட்டோம்.

விமானம் வேறு ஜாதி. பெயர் மாற்றம் என்கிற பேச்சே கிடையாது. மகன் வாங்கியிருந்தது சலுகைக் கட்டணம். தேதி மாற்றக் கேட்டால் மாற்றுக் கட்டணம், அன்றைய விலை வித்தியாசம் எல்லாம் சேர்த்துப் புது டிக்கெட்டே மலிவு என்று வந்தது. "ரத்து செய்தால் ஒண்ணும் கிடைக்காது சார்" என்றது கால் சென்டர் குரல். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2016 ஆகஸ்டிலிருந்து விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி ஒன்று இருக்கிறது. அடிப்படைக் கட்டணம் திரும்ப வராத டிக்கெட்டாக இருந்தாலும், அரசாங்க வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். பறக்காதவனிடம் ஏர்போர்ட்டை உபயோகித்ததற்கு எப்படிக் காசு வாங்குவது? மகன் இரண்டு மெயில் போட்டான், விதியைக் குறிப்பிட்டு. ஆயிரத்துச் சொச்சம் வந்தது. பெரிய தொகையில்லை. ஆனால் கேட்காதவர்களுடைய ஆயிரத்துச் சொச்சமெல்லாம் சேர்ந்தால் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஹோட்டலுக்கு வருவோம். அறை போட்டுக் கொடுத்த வெப்சைட்டில் 'ரத்து' பட்டனை அழுத்தினால் 21,600ம் காலி. அதை அழுத்தவே கூடாது. நேராகக் குன்னூருக்கு போன் போட வேண்டும். அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். அவரிடம் பணம் திருப்பிக் கேட்டால் முடியாது என்பார், முடியவும் முடியாது. தேதி மாற்றம் கேட்டால் யோசிப்பார். அதுவும் அவருக்கு ஆள் வராத தேதியாக, முன்கூட்டியே கேட்டால் சந்தோஷமாகவே யோசிப்பார். எங்கள் சனிக்கிழமை அறைகளை அவர் இன்னொருவருக்கு முழு விலைக்கு விற்றுக்கொள்ளலாம் இல்லையா? ஜூலையில், மழையில், செவ்வாய் புதன் என்றோம். "எழுதி ஒரு மெயில் போட்டுடுங்க சார், மாத்திடறேன்" என்றார். வெப்சைட்டுக்கும் அவரே சொல்லிவிட்டார். காருக்கு வாங்கியிருந்த நீலகிரி இ-பாஸ் மட்டும் தேதி போட்டது, புதிதாக எடுக்க வேண்டும். அதற்குக் காசு இல்லை. (அந்த ஏப்ரலிலிருந்து வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வரம்பே போட்டுவிட்டது.)

இதெல்லாம் நடப்பதற்கு முன், மகளிடம் சொன்ன அந்த போன். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அவர்தானேப்பா ரிசப்ஷனுக்கு வரலை?"

"ஆமா."

"சரி. நீயும் அம்மாவும் போங்க."

அந்த 'சரி'யில் இருந்ததை எந்த விதியை மேற்கோள் காட்டியும் திருப்பி வாங்க முடியாது. அப்போது பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல். "அங்கிள், திருக்கடையூர்லே ஹோட்டல் இருக்கா? நாங்களும் வரலாமா?" இரண்டு நாள் லீவு போட்டாகிவிட்டது, வீணாக்குவானேன் என்றான். ஆர்க்ஸும் புளூமரும் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். நான் அவனைக் கட்டிக்கொள்ளாத குறை.

திருக்கடையூரில் அன்றைக்கு மட்டும் அறுபதும் எண்பதுமாக எத்தனையோ ஜோடிகள். எங்கே திரும்பினாலும் ஹோமப் புகை. பெரியப்பாவும் பெரியம்மாவும் மாலையோடு உட்கார்ந்திருக்க, உறவுக்காரர்கள் வரிசையாக வந்து சல்லடை வழியாகக் கலச நீரை ஊற்றினோம். மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு தூணோரமாக நின்றான். யாரும் கூப்பிடவில்லை. நான் வாயெடுப்பதற்குள் பெரியப்பாவே, கண்ணில் தண்ணீர் வழிய, "எங்கேடா அந்த மைசூர்ப் பையன்?" என்றார்.

அவன் பதற்றத்தில் ஒரே மூச்சில் செம்பைக் கவிழ்த்துவிட்டான். பெரியப்பாவுக்குப் புரையேறி, பெரியம்மா முதுகைத் தட்ட, அப்புறம் அவர் சிரித்தார். "மெதுவா ஊத்துப்பா. நான் எங்கேயும் ஓடிடலை."

சாப்பாட்டுப் பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை. குன்னூர் மலை ரயிலைப் பற்றி அவன் உடைந்த தமிழில் சொல்ல, பெரியப்பா தான் அதில் ஏறியதே இல்லை என்றார். அவ்வளவுதான், ஜூலைக்கு மூன்றாவது அறை போட வேண்டியதாகிவிட்டது.

மகள் போட்டாள். முதல் இரண்டு அறைகள் மலிவு ரேட், மூன்றாவது மட்டும் கேன்சல் செய்யலாம் என்கிற ரேட். எங்கள் பழைய விலைகளையே எடுத்துக்கொண்டால், ஏழு தடவைக்கு ஒரு தடவைக்கு மேல் பிளான் மாறும் என்றால்தான் அந்த அதிகப் பணம் கட்டுபடியாகும். அதை அவளிடம் சொன்னேன். "அவருக்கு எண்பது ஆயிடுச்சுப்பா" என்றாள். நான் பேசவில்லை.

ஜூலையில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி கேப் போட்டுக்கொண்டு பெரியப்பா வந்து சேர்ந்தார். ஜன்னல் சீட்டு தனக்குத்தான் என்று மேட்டுப்பாளையத்திலேயே சொல்லிவிட்டார்.